பில்லுக்கு முந்துகிற கை

இங்கே இங்கிலாந்தில், கவன்ட்ரியில், எங்கள் தொழிற்சாலை கேன்டீனில், அப்பாவும் மகனும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். அவரவர் தட்டுக்கு அவரவர் காசு கொடுக்கிறார்கள். மனஸ்தாபம் ஏதுமில்லை, சிரித்துப் பேசிக்கொண்டேதான்! முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் டீ ஆறிப்போயிற்று. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். அந்த வெண்மைக்குள் எங்கேனும் ஒரு ரயில் கூவினால் போதும், நான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் எதிரே நின்றுகொண்டிருப்பேன்.

அங்கே இரும்பு ஆலையில் தேவராஜும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். ஷிஃப்ட் முடிந்து ஸ்டேஷன் எதிர்க் கடையில் டீ குடித்ததும், காசு யார் கொடுப்பது என்று தினமும் மல்யுத்தம்தான்.

"கைய எட்றா! நேத்து நீதான குட்த்த?"

"நீ இன்னா பெரிய ஜமீன்தாரா? தள்ளுடா!"

"நைனா, யாராச்சும் ஒர்த்தர் டப்பு குடுங்கப்பா, வண்டி பூடப்போவுது!" என்று கத்துவார் கடைக்காரர்.

ஒருநாள் அவன் இழுத்த இழுப்பில் என் சட்டைப் பை கிழிந்தது. வெள்ளைச் சட்டைக்கு நீல நூல்தான் கிடைத்தது என்று அவனே தைத்துக் கொடுத்தான். அந்தச் சட்டையோடுதான் கப்பல் ஏறினேன்.

இந்த ஊரில் தானாக வந்து என்னிடம் பேசிய ஒரே ஆள், பக்கத்து மெஷின் ஃபிராங்க். மகள் பிறந்த சந்தோஷத்தில் எங்களையெல்லாம் ஆலைக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போய், "இன்றைக்கு ஐ வில் ஃபுட் தி பில்" என்றார். எனக்கு ஒரே குஷி. அந்தத் தொடரை நான் முன்பே படித்திருந்தேன். பில்லின் அடியில், அதாவது அதன் 'ஃபுட்'டில், கூட்டுத்தொகை எழுதுவதிலிருந்து வந்ததாம். மொத்தச் செலவையும் தானே ஏற்றுக்கொள்வது என்று பொருள். பேப்பரில், அரசாங்கம் செய்யும் தண்டச் செலவு ஜனங்கள் தலையில் விழுகிறது என்று புலம்பவும் இதையேதான் எழுதுகிறார்கள். பொருள் எனக்கு அத்துப்படி. ஆனால் ஒருவர் அப்படிச் சொன்ன பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? எங்கள் பக்கத்தில் அது மரியாதையே இல்லை. கை கழுவப் போகிறவன்போல எழுந்து போய், எல்லாருக்கும் சேர்த்து நானே கொடுத்துவிட்டேன்.

ஃபிராங்க் கையில் பர்ஸ் திறந்தபடி இருந்தது. முகத்துச் சிரிப்பு மெல்ல அணைந்தது. "தாங்க் யூ" என்றார், கதவைச் சாத்துவதுபோல. மறுநாளிலிருந்து அவர் வேறு மேசை. நான், என் தட்டு, பனிமூட்டம்.

பேச்சுத் துணைக்கு ஆளின்றி இந்தக் குளிர்காலத்தைத் தள்ள முடியாது என்று தோன்றியதும், ஒருநாள் நேரே போய், என்மேல் என்ன கோபம் என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

"அவள் என் மகள்" என்றார் ஃபிராங்க். "அன்றைக்குக் கொடுக்கிறவன் நானாக இருக்க ஆசைப்பட்டேன். எனக்கு வக்கில்லை என்று நினைத்தாயா?"

கோட்டைத் திறந்து நீலத் தையலைக் காட்டினேன். "எங்கள் ஊரில் பிரியம் இருந்தால் பில்லுக்குச் சண்டை போடுவோம். இது அதில் கிழிந்தது."

"கிழித்தவன் உன் நண்பனா?"

"உயிர் நண்பன்."

கேன்டீனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார் ஃபிராங்க். "உட்கார். டீ என் செலவு. கையை மட்டும் அசைத்துவிடாதே!"

உட்கார்ந்தேன். அவர் வாங்கித் தந்த கோப்பை என் இடது கையில் இதமாகச் சுட்டது. வலது கையோ எனக்குத் தெரியாமலே நீலத் தையல் போட்ட பைக்குள் நுழைந்து, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் எதிரே, தேவராஜ் வந்து மணிக்கட்டைப் பிடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது.