ஆணியில் நின்ற முடி

அமுதவல்லிக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருஷம். புருஷன் உடையப்பன் துபாயை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகுதான் கோளாறு தெரிந்தது. அவன் நெருங்கினால் உள்ளே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. ஒருநாள் ரத்தக்கறையும் பட்டது.

வலியைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு இருந்தது. அவள் ஆத்தா பிச்சையம்மாளுக்கும் இதே வயதில் இதே எரிச்சல் வந்தது. முந்திரிக்காட்டு முனி அவளைப் பெண்டாட்டியாக எடுத்துக்கொண்டது, அதுதான் புருஷனை அண்டவிடாமல் எரிக்கிறது என்று கோடாங்கி உடுக்கடித்துச் சொன்னான். உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து, கம்மாய்க்கரைப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்தார்கள். முனி அடங்கியதோ என்னவோ, ஆத்தா அடங்கிப்போனாள். அதன்பிறகு மாட்டுக்கொட்டகையில்தான் படுக்கை. அவள் தொட்டால் புருஷன் உயிருக்கு ஆகாதாம்.

இப்போது அமுதவல்லியும் கொட்டகையில் பாய் விரித்தாள். உச்சிவேளையில் அந்த மரத்தைத் தாண்டும்போது ஓர் இலை அசையாது. ஆணியில் இருக்கும் முடி மட்டும் ஆடும். யாரோ பின்னாலிருந்து அவள் உச்சியைத் தடவிப் பார்ப்பதுபோல் இருக்கும். திரும்பாமல் நடப்பாள்.

"கோடாங்கிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம வாரேன்னாரு" என்றான் உடையப்பன். மனுஷன் கெட்டவனில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அவ்வளவுதான்.

நீர்க்கடுப்புக்கு மாத்திரை வாங்கும் சாக்கில் அவள் கறம்பக்குடிக்கு பஸ் ஏறினாள். அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் அருணா கேட்டார்: "வீட்டுக்காரரோட இருக்கும்போது வலிக்குதாம்மா?"

அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டர் பரிசோதித்தார். ரத்தம் பட்டதால் ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை.

"தீட்டு நின்னா ஈஸ்ட்ரோஜன்னு ஒரு சுரப்பு கொறஞ்சிரும்மா. பிறப்புறுப்போட உள்தோலு மெலிஞ்சு காஞ்சுபோகும். அதான் எரியுது, உரசினா ரத்தம் வருது. நெறயப் பேருக்கு இருக்கு, வெளிய சொல்றதில்ல. அந்தச் சுரப்பு கலந்த களிம்புதான் இது. உள்ள வச்சுட்டு வாங்க, கொஞ்சங் கொஞ்சமா சரியாகும்."

"எங்க ஆத்தாளுக்கும் இதானாங்க?"

டாக்டர் களிம்பை அவள் கையில் வைத்தார். "இருந்திருக்கலாம்மா."

வெள்ளிக்கிழமை கோடாங்கி வருமுன்பே அவள் குறடோடு மரத்தடிக்குப் போனாள். உடையப்பன் பதறிக்கொண்டு பின்னால் ஓடிவந்தான். ஆணியை மரப்பட்டை பாதிக்குமேல் விழுங்கியிருந்தது, அது அசையவில்லை. முடி மட்டும் கையோடு வந்தது. காற்றில்லாத அந்த வெயிலில் அது மெல்ல அவள் விரலைச் சுற்றிக்கொண்டது.

"முனி சொத்துடி அது! கீழ போடு!"

"முனியெல்லாம் இல்லைங்க. ஆத்தா முடி" என்றாள். "ஒடம்பு காஞ்சுபோனதுக்கு, எங்க ஆத்தாளச் சாகுற மட்டும் மாட்டோட படுக்க வச்சுட்டோம்."