பாட்டிலில் ஒரு விரற்கடை நல்லெண்ணெய்

போன மாசி மாதம், கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுவில் சிரிக்கிறாள். அதையும் எழுதிக்கொள் என்றேன்.

அவள் கள்ளக்குறிச்சியில் பாலிடெக்னிக் கடைசி வருடம். ஏதாவது செய்து காட்ட வேண்டுமாம். டெஸ்லா காயில் என்று ஒரு குழாயில் மெல்லிய கம்பியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினாள். உச்சியில் குட்டி மின்னல் மாதிரி பொறி பறக்குமாம். அதற்குப் பெரிய கரண்ட் வேண்டும். கொட்டகையில் கிடந்த அவள் தாத்தாவின் மொபெட்டிலிருந்து, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலைக் கழற்றினாள். அந்த வண்டியைத் தொட்டு ஒரு தடவை எனக்கு ஷாக் அடித்திருக்கிறது. அன்றிலிருந்து வீட்டு சுவிட்சைக்கூட மத்துக் காம்பால்தான் தட்டுவேன். அந்த மனுஷன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அதை விடுங்கள்.

கரண்டைச் சேர்த்து வைக்க ஆறு கண்ணாடி பாட்டிலில் உப்புத்தண்ணீர் நிரப்பி, வெளியே அலுமினியத் தாள் சுற்றினாள். சுவிட்சைப் போட்டால் பாட்டில் கழுத்தில் நீலமாகச் சீறும். குழாயில் ஒன்றும் வராது. மறுநாள் காட்டாவிட்டால், கூடப் படிக்கும் பையன்கள் கடையிலிருந்து வாங்கி வந்த மாடலில் இவள் பெயரையும் சேர்த்துவிடுவேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். ஒயரைப் பிடுங்கி, பாட்டிலில் தங்கின கரண்டையும் இறக்கிவிட்டு, அழுதுகொண்டே குளிக்கப் போனாள்.

நான் அன்று மாங்காய் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தேன். கையில் எண்ணெய்க் கிண்ணம். உப்புத்தண்ணீரை இப்படி வெறுமனே விட்டால் பூஞ்சை பிடிக்காதா? ஆறிலும் ஒரு விரற்கடை நல்லெண்ணெய் ஊற்றினேன். அதற்குள் குளித்துவிட்டு வந்துவிட்டாள்.

"ஆயா! இன்னா பண்ணிகினு இருக்க?"

"கெட்டுப்போவாம எண்ண வுட்டேன்டி."

"ஊறுகாயா போட்டு வெச்சிருக்கேன்? போச்சு, எல்லாம் போச்சு!"

கொட்டிக் கழுவ நேரமில்லை. யாரும் கிட்டே வராமலிருக்கக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப்பக்கம் என்னைத் தள்ளிவிட்டு, கோபத்தோடு சுவிட்சைப் போட்டாள்.

சீறல் இல்லை. குழாய் உச்சியிலிருந்து ஊதா நிறத்தில் பொறி விரல் நீளத்துக்குக் கிளம்பியது. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த பழைய ட்யூப் லைட், ஒயரே இல்லாமல் எரிந்தது! பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்க யாருக்குத் தோன்றும்? நாங்கள் இரண்டு பேரும் குதித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலேஜுக்கு என்னையும் கூட்டிப் போனாள். வாத்தியார் குனிந்து பார்த்தார்.

"எண்ணெய் யார் ஐடியா?"

"எங்க ஆயாவுது சார்."

"ஏம்மா ஊத்துனீங்க?"

"பூஞ்சை புடிக்கும்னுதாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். பிறகு, தண்ணீர் விளிம்பில் கசிந்த கரண்டை எண்ணெய் அடைத்துவிட்டது என்று எனக்கே புரிகிற மாதிரி சொன்னார். "நீயே போடு ஆயா" என்று பேத்தி சுவிட்சைக் காட்டினாள். மத்து வீட்டில் இருந்தது. விரலால் போட்டேன். ட்யூப் லைட் எரிந்தது.

தெரியாமல் செய்த காரியம்தான். ஆனாலும் மத்து இப்போது மோர் கடைய மட்டும்தான். விரலால் சுவிட்சைப் போடும் ஒவ்வொரு தடவையும் அந்த ஊதா வெளிச்சம் எனக்குள் ஒருமுறை எரிந்துவிட்டுத்தான் வீட்டு விளக்கு எரிகிறது.