முன்னூறு ஜி.எஸ்.எம். அமைதி

என் குரல் நல்லா இருக்குதுன்னு இதுவரைக்கும் மொத்தம் மூணு பேர் சொல்லியிருக்காங்க. ஒருத்தர் எங்க பனியன் கம்பெனி மேனேஜர். ஆயுத பூஜைக்கு மைக்குல நான் வரவேற்புரை பேசினப்ப, பொரிப் பொட்டலத்தைக் கையில வெச்சுக்கிட்டுச் சொன்னாரு. இன்னொருத்தர் பல்லடம் பஸ்ஸுல ஒரு கண்டக்டர். மூணாவது என்ற கொழுந்தியா. மொத ரெண்டு பேரோட நின்னிருந்தா ஒருத்தருக்கும் சேதாரமில்ல.

கொழுந்தியான்னா என்ற ஊட்டுக்காரியோட தங்கச்சி. அவளுக்குப் பொறந்ததுல இருந்தே பார்வை இல்ல. பி.ஏ. முடிச்சுட்டு மூலனூர்ல அண்ணன் ஊட்டுல இருந்தா. அரசு வேலைக்கு ஒரு தேர்வு அறிவிச்சிருந்தாங்க. அவ பதில் சொல்லச் சொல்ல எழுதறதுக்கு அவங்களே ஒரு ஆள் போடுவாங்க. ஆனா பாடத்தை ஆராச்சும் படிச்சுக் காட்டோணுமே. கோச்சிங் சென்டர்ல குடுத்த ஜெராக்ஸ் கட்டுல நாப்பது பாடம். போட்டோ எடுத்தா தானாப் படிச்சுச் சொல்ற வசதி அவ போன்ல இருந்துச்சு. அந்த மங்கல் ஜெராக்ஸை மட்டும் அது ஒண்ணு கெடக்க ஒண்ணாப் படிச்சுது.

"நீங்க படிச்சுப் பதிவு பண்ணிக் குடுத்தீங்கன்னா, கேட்டுக் கேட்டு மனசுல ஏத்திக்குவனுங்க மாமா. உங்க குரல் நல்லா கணீர்னு இருக்குதுங்க. இந்த வேலை மட்டும் கெடச்சுட்டா, தாராபுரம் போயிட்டு வர்றதுக்குக்கூட அண்ணன்கிட்ட கேட்டு நிக்க வேண்டாம் பாருங்க"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா அது சிரிப்புக்குச் சொன்னதில்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். தேர்வுக்கு அஞ்சு மாசம் இருந்துச்சு.

"இதுக்கெதுக்குங்க ரோசனை? போனைப் புடிச்சுட்டு நானே நாளைக்கு ஒரு பாடம்னு படிச்சு அனுப்பிடறேன்"னா என்ற ஊட்டுக்காரி. நான் விடுவனா? "உனக்கு வருசத்துல பத்து மாசம் சளி. குக்கர் விசிலும் உன்ற தும்மலும் கேட்டா புள்ள பாஸ் பண்ணுன மாதிரிதான். இதெல்லாம் முறையாச் செய்யோணும் புள்ள"ன்னு ஒரே போடாப் போட்டேன். "செரிங்க"ன்னுட்டு அவ போயிட்டா.

முறைன்னா எப்படி? மாடியில சும்மா கெடந்த பத்துக்குப் பத்து ரூமை ஸ்டுடியோவா மாத்தறதுன்னு முடிவு பண்ணினேன். ஒரு வாரம் உக்காந்து வீடியோவாப் பார்த்துத் தள்ளினேன். வெறும் ரூமுக்குள்ள கை தட்டுனா சத்தம் சுவத்துல பட்டுத் திரும்பி வரும். மெத்துமெத்துன்னு கனமான துணியோ பஞ்சோ சுவத்துல இருந்தா அந்த எதிரொலியை அது உறிஞ்சிக்கும். இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியல. திருப்பூர்ல ஒருத்தனுக்குத் துணியைப் பத்தி வெளியூர்க்காரன் பாடம் எடுக்கறதா? கம்பெனியில துணி செக் பண்ற டிபார்ட்மெண்டுக்கே நான்தான் இன்சார்ஜ். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், அதுதான் ஜி.எஸ்.எம்.; தொட்டுப் பார்த்தே சொல்ற கை இது. வீடியோவுல வந்தவன் ஏதோ வெளிநாட்டுப் பஞ்சைச் சொன்னான். போடா கண்ணுன்னு ஆஃப் பண்ணிட்டேன்.

கம்பெனியில கழிச்சுப் போட்ட துணியை வாங்கி, ஆசாரியை வெச்சு மரச்சட்டம் அடிச்சு, நாலு சுவத்துலயும் மாட்டினேன். மூலையிலதான் கனமான சத்தம் தேங்கி நிக்குமாம். அதனால மூலைக்கு மூலை கட்டிங் வேஸ்ட் மூட்டையைக் கூரை வரைக்கும் அடுக்கினேன். கழிச்ச துணியில நிறம் பார்த்தா எடுக்க முடியும்? கெடச்சதெல்லாம் குழந்தைங்க பைஜாமாவுக்குப் பிரிண்ட் போட்ட துணி. சுவர் பூராவும் ஊதா நிறத்துல டைனோசர். மூட்டை மாடிப்படி ஏறுறதைப் பார்த்துட்டு எதுத்த ஊட்டம்மா, "வேஸ்ட் வியாபாரம் ஆரம்பிச்சிட்டீங்களாங்க?"ன்னு விசாரிச்சாங்க. ஸ்டுடியோ வெக்கறனுங்கன்னேன். அவிய பேரனுக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேணும்னாங்க.

இப்படியே ரெண்டு மாசம் போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை கதவைச் சாத்திட்டு நடு ரூம்ல நின்னு கை தட்டினேன். தட்டுன சத்தம் தட்டுன எடத்துலயே செத்துப் போச்சு. அடடான்னு நெஞ்சை நிமித்தினேன். அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. பக்கத்துக் காம்பவுண்டுல பனியன் துணி பின்னற நிட்டிங் யூனிட். வட்ட மிசின் ஆறு, ராத்திரி பகல் ஓயாம கிர்ருன்னு ஓடும். அது எப்பவும் இருக்கற சத்தம்தான். எதிரொலியெல்லாம் போனதும், முன்னைக்கு இப்ப சுத்தபத்தமா, அருமையாக் கேட்டுச்சு.

அறிவுள்ளவனா இருந்தா அங்கயே யோசிச்சிருப்பான். ரூமுக்குள்ள பொறக்கற எதிரொலியை அடக்கறது வேற, வெளியில இருந்து வர்ற சத்தத்தைத் தடுக்கறது வேற. அதுக்குச் செங்கல்லும் சிமெண்டும்தான் வேணும், துணி பத்தாது. நான் என்ன நெனச்சேன்? இருநூத்தி இருபது ஜி.எஸ்.எம். போட்டேனில்ல, கனம் பத்தலை, முன்னூறு போடோணும். அத்தனையும் பிரிச்சு முன்னூறு ஜி.எஸ்.எம். மாட்டினேன், அதுலயும் அதே டைனோசர். மிசின் சத்தம் அதே மாதிரி வந்துச்சு. இன்னொரு அடுக்கு மாட்டினேன். அப்பவும் வந்துச்சு. ரூம்தான் சின்னதாயிக்கிட்டே போச்சு.

கடைசியில யூனிட்காரர்கிட்டப் போயி, தெனமும் ஒரு மணி நேரம் மிசினை நிறுத்த முடியுமாங்கன்னு கேட்டேன். நல்ல மனுசர். உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தாரு. "நிறுத்தலாமுங்க. ஆனா ஓடற மிசினை நிறுத்தி ஓட்டுனா துணியில கோடு விழுமுங்களே. அதைச் செக்கிங்ல ரிஜெக்ட் பண்றது நீங்கதானுங்களே"ன்னாரு. வாஸ்தவம். போன மாசந்தான் அப்படி ஒரு லாட்டைத் திருப்பி அனுப்பியிருந்தேன். டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

அப்பறம் ஒரு வழி கெடச்சுது. எங்க ஏரியாவுல மாசத்துல ஒரு நாள் பராமரிப்புக்குன்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டை நிறுத்துவாங்க. அன்னைக்கு வீதியில ஒரு மிசின் ஓடாது. கம்பெனிக்கு லீவு போட்டுட்டு உள்ள போயி உக்காந்தேன். ஜன்னலையும் மூட்டை வெச்சு அடைச்சாச்சு, ஃபேனும் இல்ல, டைனோசருக்கு நடுவுல துண்டோட நான். வேர்வை ஜெராக்ஸ் மேல சொட்டுது. ஒவ்வொரு பாடத்தையும் ஏத்த இறக்கத்தோட நிறுத்தி நிதானமாப் படிச்சேன். வயிறு கடமுடான்னா மறுபடியும் மொதல்ல இருந்து. சாயங்காலம் மூணு பாடம் தேறுச்சு. அனுப்பி வெச்சேன். "ரொம்ப நல்லாருக்குதுங்க மாமா. அடுத்தது எப்பங்க?"ன்னு கேட்டா.

அடுத்தது அடுத்த கரண்ட் கட்டுக்குன்னு நான் முடிவு பண்ணிட்டேன். அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துப் பொதுத்தேர்வு, கரண்டை நிறுத்த மாட்டம்னுட்டாங்க. அந்தக் கிர்ரோட பதிவு பண்ணி அனுப்பறதுக்கு எனக்கு மானம் தடுத்துச்சு. எப்படியும் ஒரு நாள் நிறுத்துவாங்கன்னு காத்திருந்தேன். காத்திருந்த நேரத்துல கதவுக்குக் கீழ ரப்பர் பட்டை ஒட்டினேன். ஊட்டுக்காரி ஒரு தடவை ஜெராக்ஸ் கட்டை எடுத்துட்டுப் போனைத் தேடினா. புடுங்கி வெச்சுட்டேன். அவளும் சும்மா விடல, "அது பரீச்சைக்குப் போறவளுக்குங்க, ரேடியோவுக்கில்ல"ன்னா. காதுல வாங்குனாத்தானே?

கொழுந்தியாகிட்டப் பேசறப்பெல்லாம் சமாதானம் சொல்லுவேன். "அவசரமில்லீங்க மாமா. நீங்க மெதுவாப் பண்ணுங்க"ம்பா. எங்க பக்கத்துல ஒருத்தர் அவசரமில்லீங்கன்னு ரெண்டு தடவை சொன்னா, தலை போற அவசரம்னு அர்த்தம். இங்கயே பொறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான், அவ மரியாதைக்குச் சொன்னதை நெசம்னு எடுத்துக்கிட்டேன். அது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு.

தேர்வு நாளும் வந்துச்சு. சென்டர் திருப்பூர்லதான். எழுதி முடிச்சு மத்தியானம் எங்க ஊட்டுக்கு வந்தா. நான் இருக்கேனே, அந்த நேரத்துலயும் ஸ்டுடியோவைக் காட்டோணும்னு மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். உள்ள ரெண்டு எட்டு வெச்சவ டக்குன்னு நின்னுட்டா. கை ரெண்டையும் முன்னால நீட்டித் துழாவுனா. எங்க ஊட்டுல எங்கயுமே அவ அப்படித் துழாவி நான் பார்த்ததில்ல.

"மாமா, சுவர் எங்கீங்க இருக்குது? எனக்கு எங்க நிக்கறேன்னே தெரியலீங்க."

காலடிச் சத்தம் சுவத்துல பட்டுத் திரும்பறதை வெச்சுத்தான் அவ ஒரு ரூம்ல நடமாடறா. அதைத்தான் நான் மாசக்கணக்காப் பாடுபட்டு, அடுக்கடுக்கா அடைச்சு ஒழிச்சிருக்கேன். கையைப் புடிச்சு வெளியில கூட்டிட்டு வந்து மாடிப்படியில உக்கார வெச்சேன். பக்கத்துல மிசின் ஓடிக்கிட்டிருந்துச்சு. இந்தச் சத்தம் இல்லாம உனக்குப் பதிவு பண்ணிக் குடுக்கோணும்னுதான் கண்ணு இத்தனையும்னேன்.

"சத்தம் இருந்தா என்னங்க மாமா? நான் எதைக் கேட்டாலும் ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டுத்தான் கேப்பனுங்க. வார்த்தை புரிஞ்சாப் போதும், மத்ததெல்லாம் காதுல நிக்காதுங்க."

ரெண்டு மடங்கு வேகத்துல என்ற ஏத்த இறக்கம் எப்படிக் கேட்டிருக்கும்னு நெனச்சுப் பார்த்தேன். எப்படிக் கேப்பேன்னு இந்த அஞ்சு மாசத்துல அவளை ஒரு வார்த்தை கேட்டேனா? என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம்போல இருந்துச்சு. ஊட்டுக்காரி மோர் டம்ளரோட கீழ்ப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. அவ மூஞ்சியைப் பார்க்க எனக்குத் தைரியமில்ல.

கேக்கக்கூடாதுன்னு தெரிஞ்சும் கேட்டேன். "நான் படிச்ச பாடத்துல இருந்து எதாச்சும் வந்துச்சா கண்ணு?"

"வந்துச்சுங்க மாமா. ரெண்டு கேள்வி. உங்க புண்ணியத்துல ரெண்டுக்கும் சரியாச் சொல்லிட்டனுங்க. மத்ததுதான் குத்துமதிப்பு."

குத்திக்காட்டறதுக்குச் சொல்லியிருந்தாக்கூடத் தேவலை. அவ நெசமாலுமே எனக்கு நன்றி சொன்னா.