யாருடைய சாவியோ என் கையில்

மூன்று மாதம் கழித்து இன்றுதான் பஸ் ஏறினேன். "படபடப்பு வந்தா பாதியில இறங்கிடாதீங்க, பத்து நிமிஷத்துல தானா அடங்கிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தவளக்குப்பம் தாண்டியதும் ஆரம்பித்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு முட்டியது, விரல்கள் மரத்து மடங்கிக்கொண்டன.

"ஐயோ, இந்தப் பொண்ணுக்கு வலிப்பு வருது! யாராவது இரும்பு குடுங்க!" என்று கத்தினார் பக்கத்து சீட் அக்கா. யாரும் எழுவதற்குள் தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"வலிப்பு இல்லக்கா, பயம்" என்று சொல்லக் குரல் எழவில்லை. எதைப் பார்த்துப் பயம் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

"கெட்டியா புடிச்சிக்கம்மா. சரியா பூடும்."

சில்லென்ற அந்த இரும்பு நிஜமாகவே கொஞ்சம் உதவியது. ஆனாலும் அடுத்த ஸ்டாப்பிங்கில் எழுந்து ஓடி இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகுதான் பார்க்கிறேன், சாவி என் கையிலேயே இருக்கிறது.

அந்த அக்கா நெல்லித்தோப்புக்கு டிக்கெட் எடுத்தார். இந்நேரம் பூட்டிய வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பார். பச்சைக் கயிற்றில் கோத்த ஐந்து சாவிகள். அவரைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

யாரும் சொல்லாவிட்டால் நாளை அதே பஸ்ஸில் நான்தான் ஏற வேண்டும். அதுவும் நெல்லித்தோப்பு வரை, பாதியில் இறங்காமல்.