ரத்தத்தை இளக்கும் ஊசி

கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் கையிலிருந்து விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. ஏற்காட்டுப் பனியில் விரல் மரத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மூன்று நாளாக இருந்த தலைவலிக்கும் பனிதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வலது கை முழுவதும் துவண்டு தொங்கியதும், உடன் வேலை பார்க்கும் டீச்சர் கார் பிடித்து என்னைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எஸ்டேட்டிலிருந்து அம்மாவும் அப்பாவும் பின்னாலேயே வந்தார்கள்.

மூளையின் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறது என்றார் டாக்டர். பக்கவாதம். எனக்கு வயது இருபத்தாறு.

"வேற நோய் ஏதாவது இருக்கா?"

இரண்டு வருடமாகப் பெருங்குடலில் புண். அந்த வாரம் அது முற்றி, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. பள்ளியில் ஒருவருக்கும் தெரியாமல் சமாளித்துவந்தேன்.

"குடல் இப்படிப் புண்ணாகி இருக்கறப்ப ரத்தம் சீக்கிரம் உறையும். அபூர்வமா மூளையிலயும் உறையும்," என்றார். ரத்தத்தை இளக்க ஊசி போட வேண்டும்.

அம்மா எழுந்துவிட்டாள். "ஏனுங்க, புள்ளைக்கு ஏற்கெனவே ரத்தம் கொட்டுதுங்க. இன்னும் இளக்கினா ஒடம்புல என்னங்க மிஞ்சும்?"

படித்த எனக்கும் அதே கேள்விதான். டாக்டர் மறைக்கவில்லை. குடலில் ரத்தப்போக்கு கூடலாம். கூடினால் ரத்தம் ஏற்றலாம். மூளையில் ரத்தக்கட்டி வளர்ந்தால் மீட்பது கஷ்டம். அப்பா என்னைப் பார்த்தார். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவர் என்னைத்தான் பார்ப்பார்.

"போட்டுக்கறேங்க," என்றேன்.

சம்மதப் படிவத்தோடு நர்ஸ் கைநாட்டு வைக்க மை அட்டையை நீட்டினார். வேண்டாம் என்று இடது கையில் பேனாவை வாங்கிக்கொண்டேன்.

"உசுரு ஊசலாடறப்பவும் வீம்பப் பாருங்க," என்று அம்மா அப்பாவிடம் முறையிட்டாள். "இவ கையெழுத்துப் போட்டு முடிக்கறதுக்குள்ள கட்டி தானாக் கரைஞ்சு போயிரும்."

அப்பா கைநாட்டுக்காரர். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தக் கோட்டின்மேல் என் பெயரை நானேதான் எழுத வேண்டும் என்றிருந்தது. எழுத்துகள் கோட்டைத் தாண்டி ஓடின. எழுதி முடித்தேன்.

ஊசி தொடங்கியது, குடலுக்கும் மருந்து சேர்த்தார்கள். அன்றிலிருந்து கழிப்பறைக்கு அம்மா கூடவே வந்தாள். நான் தண்ணீர் ஊற்றுவதற்குள் குனிந்து பார்ப்பாள். கூச்சத்தில் எரிந்து விழுந்தேன்.

"பரிட்சப் பேப்பர நீ பாரு கண்ணு. இத நான் பாக்கறேன்."

இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தண்ணீரை அவளே ஊற்றினாள். மூன்றாம் நாளும் அப்படித்தான். நான்காம் நாள் காலையில் நெடுநேரம் குனிந்திருந்தாள்.

"ரத்தம் நொம்பக் கொறஞ்சிருக்குது சாமி," என்றாள். பிறகு, என்னைத் தாங்க வந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.