நிரோஷாவின் நாலு மணிப் படங்கள்

நீர்வேலியில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்க அப்போது ஒரே மணம்தான். அளவுக்கு மிஞ்சிப் பழுத்த கதலி வாழைப்பழம், அதோடு லேசான புளிப்பு. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தா. இன்றைக்கும் எங்காவது அந்த மணம் வந்தால் நான் முதலில் நேரம்தான் பார்ப்பேன்... நாலு மணி ஆகிவிட்டதா என்று.

கொரோனாவுக்காகப் பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த காலம். நான் உயிரியலில் இறுதி வருடம். முதலாம் வருடப் பிள்ளைகள் ஆய்வுகூடத்துக்குள் காலே வைத்திருக்கவில்லை. அவர்களுக்கு ஆய்வு செய்யப் பழக்கும் வேலையை எங்களைப் போன்ற சீனியர்களிடம், ஆளுக்கு மூன்று பேராக, ஒன்லைனில் ஒப்படைத்தார்கள். என்னிடம் வந்த மூவரில் ஒருத்தி குருநகர் நிரோஷா. மூவரில் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை.

ஆய்வு சின்னது. ஜாம் போத்தலுக்குள் பழத்துண்டு வைத்து, பழ ஈக்கள் நுழைந்ததும் வாயைத் துணியால் கட்ட வேண்டும். இருபத்தொரு நாள், தினமும் நாலு மணிக்கு, ஈ எத்தனை, புழு எத்தனை என்று எண்ணிக் கொப்பியில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நானும் வீட்டு முன்னறையில் ஒரு போத்தல் வைத்து எண்ணி, அவர்களின் பக்கங்களைப் பார்த்துச் சரி போடுவேன்.

சட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அழிறப்பர் தொடக்கூடாது. பிழை வந்தால் ஒற்றைக் கோடு. வெட்டிய சொல் வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் அவதானித்தவரின் பெயர்... கண்ணால் கண்ட ஆளின் பெயர் மட்டும்தான்.

முதல் கிழமை நிரோஷா வாய் ஓயாமல் கதைத்தாள்.

"அக்கா, என்ரை ஈயளுக்குப் பேர் வைச்சால் மாக்ஸ் குறைப்பியளோ?"

ஏழாம் நாளிலிருந்து அவளின் குரல் இல்லை.

சூமில் அவளின் பெயர் வரும். கமரா இருட்டு. சிலவேளை மைக் தானாகத் திறக்கும். காற்று இரையும் சத்தம்... யாரோ மூச்சு விடும் சத்தம்... பிறகு மூடிக்கொள்ளும். மற்ற இரண்டு பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிட்டு அந்த இருட்டுக் கட்டத்தையே பார்ப்பார்கள்.

"நிரோஷா, நிக்கிறீரோ?" என்று கேட்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுத்தில் வரும். "நிக்கிறன்."

நாலு மணிப் படம் மட்டும் தவறவில்லை. ஒன்பதாம் நாள் ஒருமுறை நாலரைக்கு வந்தது. தாமதத்துக்குக் காரணம் எழுதச் சொன்னேன். "வீட்டில் ஆட்கள் நின்றார்கள்" என்று வந்தது. இதெல்லாம் ஒரு காரணமா என்று எனக்குக் கோபம். அதையும் எழுதிப் போட்டேன்.

எழுத்தும் மாறிக்கொண்டு வந்தது. சின்னச் சின்ன எழுத்துகள் பெருத்து, தாளைக் கிழிக்கிற மாதிரி அழுந்தின. வெப்பநிலை எழுதும் இடத்தில் "காற்று சோளகம், கடல் கொந்தளிப்பு" என்றிருந்தது, கடலுக்குப் போகிறவர்கள் தென்மேற்குக் காற்றைச் சொல்வது போல. ஈக்களைப் பற்றி எழுதியதை வாசிக்க ஒருமாதிரி இருந்தது. "மூன்று அடியில் கிடக்கின்றன. ஒன்று நேற்று இன்னும் காலை அசைத்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு நின்றுவிட்டது."

ஆறு மணி வரைக்கும் யார் ஒரு ஈயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஆனாலும் என் மூளை போனது களவு பிடிக்கத்தான். யாரையோ வைத்து எழுதுவிக்கிறாள் என்று முடிவு கட்டி, பதினான்காம் நாள் தனியாகச் செய்தி அனுப்பினேன். "எழுத்து உம்முடையதில்லை. அவதானித்தது வேறு ஆள் என்றால் பெயரைத் திருத்தும். முறை தெரியும்தானே."

அடுத்த நாள் சரியாக நாலு மணி. போன் அடுத்தடுத்து அதிர்ந்தது. அன்றைய பக்கத்தோடு இன்னும் எட்டுப் படங்கள், ஏழாம் நாள் தொடங்கிப் பதினான்காம் நாள் வரைக்கும். ஒவ்வொன்றிலும் நிரோஷாவின் பெயருக்கு மேல் ஒற்றைக் கோடு. அடிமட்டம் வைத்து நேராகக் கீறியது. கீழே, அழுத்தமான எழுத்தில், "செபமாலை, தகப்பன்."

உடனே அழைத்தேன். முதலில் அதே காற்று. அதே மூச்சு.

"நிரோஷா எங்கை ஐயா?"

"பிள்ளை, காய்ச்சல் எண்டு அவளை ஆறாம் நாள் இரவு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனது. எங்களிட்டை உள்ளது இந்த ஒரு போன்தான். நாலு மணிக்கு எண்ணி அனுப்புங்கோ அப்பா, ஒரு நாளும் விடாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தான் ஏறினவள். எட்டாம் நாள் முடிஞ்சுது. ஒன்பதாம் நாள் அடக்கம். அதுதான் அண்டைக்குக் கொஞ்சம் பிந்தினது."

ஒன்பதாம் நாள் நான் கோபத்தில் எழுதிப் போட்டதுதான் கண்ணுக்கு முன் வந்தது.

"நீங்கள் சூமிலை, 'நிக்கிறீரோ' எண்டு கேட்டியள். நான் நிண்டனான் தானே... அதாலைதான் 'நிக்கிறன்' எண்டு போட்டனான். பொய்யெண்டு நினைக்காதேங்கோ. கோடு சரியாப் போட்டிருக்கிறனோ?"

"சரி ஐயா," என்றேன்.

"இன்னும் நாள் கிடக்கு. செய்யட்டோ, விடட்டோ?"

"செய்யுங்கோ ஐயா."

செய்தார். இருபத்தோராம் நாள் வரைக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் சரி போட்டேன், அழுதுகொண்டே. கடைசிப் பக்கத்தில், "பழையவை எல்லாம் செத்துவிட்டன. புதியவை பறக்கின்றன. துணியை அவிழ்த்துவிட்டேன்" என்றிருந்தது.

இப்போது ஆய்வுகூடம் திறந்து, அங்கேயே எனக்கு வேலையும் கிடைத்துவிட்டது. ஒன்லைன் வழிகாட்டலும் இன்னும் நடக்கிறது. பிள்ளைகள் கணினியில் அடித்த அட்டவணைகளைப் பளிச்சென்று அனுப்புகிறார்கள். பிழை வந்தால் அழித்துவிடுகிறார்கள். முன்பு அங்கே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கமராவை மூடி வைக்கும் பிள்ளைகளை நான் இப்போது ஏசுவதில்லை. சுகமா என்று கேட்கிறேன், அழைத்துக் கேட்கிறேன்.

செபமாலை ஐயாவின் இலக்கம் என் போனில் இன்னும் "நிரோஷா" என்றுதான் கிடக்கிறது. மாற்றப் பார்த்தேன். மாற்றினால் பழைய பெயர் இருந்த இடம் தெரியாமல் போய்விடும், ஒற்றைக் கோடு போட அதில் வழியில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

போன கிழமை, ஆய்வுகூடத்தில் நிற்கும்போது, நாலு மணிக்குப் போன் ஒருமுறை அதிர்ந்தது.

நிரோஷா: "காற்று சோளகம். பிள்ளை, நிக்கிறீரோ?"

நிக்கிறன் என்று எழுதினேன்.