காகிதப்பூ சாமிக்கு ஆகாது

தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் வாசல் தோட்டத்தை மாற்றுகிறேன் என்று அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் சொன்னேன். அது பாதி உண்மை. சித்தூரில் எங்கள் தெரு போர்வெல் வற்றி, டேங்கர் தண்ணீர்தான் வருகிறது. மீதி உண்மை, பத்மா.

பின் தெருக்காரியான அவள், என் மனைவி இறந்த பிறகும் தினமும் விடிந்ததும் கேட்டைத் திறந்து, பூஜைக்கு நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பறித்துக்கொண்டு போவாள். ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

"செடியில ரெண்டாவது வைம்மா!" என்று ஜன்னலிலிருந்து கத்துவேன்.

"உன் பேரச் சொல்லித்தான் சார் சாமிக்குப் போடறேன். காபி குட்ச்சியா? குரல் ஏன் இப்டி கீது?" என்பாள்.

மகள் அனுப்பிய படத்தைப் பார்த்து எல்லாச் செடிகளையும் பிடுங்கினேன். வண்ணக் கூழாங்கற்களைப் பரப்பி, கள்ளியும் கற்றாழையும் மூன்று நிறக் காகிதப்பூச் செடிகளும் வைத்தேன். வீடியோவில் மகள் கை தட்டினாள்.

மறுநாள் பத்மா கூடையோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"பாக்க ஜோராத்தான் கீது சார். ஆனா காகிதப்பூ சாமிக்கு ஆவாதே."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு காலையில் கேட் திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மாலை மகள் போன் செய்தாள். "ஹலோ" என்றேன்; குரல் சரியாக எழும்பவில்லை. அன்று நான் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

கற்களை விலக்கி ஒரு நந்தியாவட்டை நட்டிருக்கிறேன். அரிசி கழுவிய தண்ணீரே அதற்குப் போதுகிறது. பூத்ததும் பத்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். பின் தெருவில் அவள் வீடு எதுவென்று எனக்குத் தெரியாது.